மரியாதையாக விழுந்தவர்கள்

அந்த யோசனை எனக்குத் தோன்றிய நொடியில் என் வலது கால் ஒரு தக்காளிக் கூடைக்குள் இருந்தது.

காந்திபுரத்தில் கிளம்பி சத்தி ரோட்டில் அன்னூர் போகிற பேருந்து. சாயங்கால நேரம். நிற்க இடமில்லை, விழவும் இடமில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள், மிச்சமிருந்த அரை அங்குலத்தையும் வீணாக்கக் கூடாது என்ற அக்கறையோடு நெருங்கிக்கொண்டே இருந்தான். முதலில் நகர்ந்தேன். பிறகு திரும்பி முறைத்தேன். அவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான், மழை வருமா வராதா என்று கவலைப்படுகிறவன் மாதிரி.

நான் கராத்தேயில் பிரவுன் பெல்ட் என்று அலுவலகத்தில் போன வாரமே பீற்றிக்கொண்டாயிற்று. பெல்ட் வாங்கியவள் என்ன செய்வாள்? நின்ற இடத்திலேயே தற்காப்பு நிலை எடுத்தேன். அதற்கு வலது காலை ஓரடி பின்னால் வைக்க வேண்டும். வைத்தேன். பொதக் என்றது.

"அய்யோ! என்ற தக்காளி!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஓர் அம்மா கத்தினார்.

நானும் கத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே கையிலிருந்த குடையை அவன் பாதத்தில் ஓங்கி ஊன்றினேன். இது சிலம்பம். அவன் குடையைப் பிடித்தான். நான் இடுப்பைத் திருப்பி அவனை என் மேல் சாய்த்துத் தள்ளினேன். இது ஜூடோ. அடுத்த கணம் ஆள் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் மல்லாந்து கிடந்தான்.

கண்டக்டர் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். "ஏனுங்கம்மணி, சண்டைன்னா எறங்கிப் போடுங்க. இல்லீன்னா சித்தே முன்னால தள்ளி நில்லுங்க. வழிய அடைக்காதீங்க."

அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான். நான் கணுக்கால் வரை தக்காளிச் சாற்றோடு நின்றேன். செருப்புக்குள் விதைகள் நெளிந்தன. ஆனால் மூளைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு. என்னைக் காப்பாற்றியது கராத்தே அல்ல, சிலம்பமும் அல்ல, ஜூடோவும் அல்ல. மூன்றிலும் எனக்குத் தெரிந்த துண்டு துக்கடா எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அப்படியானால் அதையே ஒழுங்காகச் சேர்த்து ஒரு முறையாக்கினால் என்ன?

அரைகுறைகளின் வரலாறு

என் தகுதிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேரம் ஆகாது, குறைவாகத்தான் இருக்கின்றன.

கராத்தே எங்கள் பள்ளியில் கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒரு பெல்ட். காலாண்டுத் தேர்வு மாதிரி அதுவும் வரும், போகும். பிரவுன் பெல்ட்டுக்கு ஓடு உடைக்க வேண்டும். ஆண்டு விழா மேடையில், இரண்டு செங்கல்லின் மேல் வைத்த ஓட்டை நான் ஒரே அடியில் பிளந்தேன். கைதட்டல். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின நாளே மாஸ்டர் ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தார் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். "பெத்தவங்க பாத்துட்டு இருப்பாங்கல்ல, உடையாம போனா மனசு கஷ்டப்படும்" என்றாராம். இந்த ஓட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

சிலம்பம், கோடை முகாமில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் என் கம்பு வீழ்த்திய ஒரே எதிரி முகாம் கூடத்தின் டியூப் லைட்.

ஜூடோவுக்கு அருள். கல்லூரித் தோழன், இப்போது ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பார்க்கிறான். மாவட்டப் போட்டியில் வெண்கலம் வாங்கியவன். அந்த எடைப் பிரிவில் வந்தவர்களே மூன்று பேர்தான் என்பதை அவன் தானாகச் சொல்ல மாட்டான். நான் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. பிழைப்புக்கு நான் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே உடையும் என்று தேடிப் பிடித்து, உடைத்துக் காட்டுவதுதான் என் வேலை. அதனால் டெவலப்பர்கள் யாரும் என்னோடு டீ குடிப்பதில்லை. இதையும் ஞாபகத்தில் வையுங்கள். என்னைத் திட்டுவதற்கு உதவும்.

மூன்று விசில்

பேருந்திலிருந்து இறங்கியதும் அருளுக்குத்தான் போன் செய்தேன். மூச்சுவிடாமல் பத்து நிமிடம் பேசினேன். முடித்ததும் அவன் சொன்னான்: "எல்லாத்தையும் ஒரே குக்கர்ல போட்டு மூடப் போற. இது தற்காப்புக் கலை இல்ல நித்யா, அரிசிம்பருப்பு."

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும் நாளெல்லாம் அரிசிம்பருப்புச் சாதம்தான். அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒன்றாகப் போட்டு மூன்று விசில். மேலே நெய். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பீரமாக வடமொழியில் நான் யோசித்து வைத்திருந்த நான்கு பெயர்களை யாரும் கேட்கவே இல்லை.

அதனால் எங்கள் அடிகளும் விசில் ஆயின. முதல் விசில்: கத்திக்கொண்டே குதிகாலால் எதிராளியின் பாதத்தை மிதிப்பது. இரண்டாம் விசில்: பிடித்த மணிக்கட்டைச் சுழற்றி, சிலம்பக் கம்பைத் திருப்புவது போல விடுவிப்பது. மூன்றாம் விசில்: இடுப்பில் ஏற்றிக் கவிழ்ப்பது. கவிழ்த்ததும் ஓட்டம்.

இடம்தான் பிரச்சினையாக இருந்தது. அது ஆடி மாதம். சரவணம்பட்டிக்கு அந்தப்பக்கம் பெரியப்பாவுக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். போய்க் கேட்டேன்.

"அடிச்சுக்கறதுக்கு என்ற மண்டபமா கண்ணு?" என்றார். பிறகு அவரே, "அட, கல்யாணத்துலயும் பாதி அதுதான நடக்குது. எடுத்துக்க. டியூப் லைட்ட மட்டும் ஒடச்சுப்போடாத" என்று சாவியைக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் மறப்பதில்லை.

பந்திக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளினோம். பவானி ஜமக்காளங்களை விரித்து, அதன் மேல் மாப்பிள்ளை அறை மெத்தைகளைப் போட்டோம். தரையில் போன வைகாசியின் சாம்பார் வாசம் இன்னும் இருந்தது. பதினோரு பெண்கள் வந்தார்கள். என் அலுவலகத்தில் ஆறு பேர், அருளின் அக்கா, அவர் கூட்டி வந்த தேவாலயத் தோழிகள் நான்கு பேர். அருள் எல்லோருக்கும் பொதுவான வில்லன்.

பிடிக்கட்டுங்களா?

முதல் ஞாயிறே அமோக வெற்றி.

வெற்றி என்றால் எப்படி? எல்லா அடியும் பலித்தது. எல்லோருக்கும் பலித்தது. ஒருவர் மற்றவரின் கையைப் பிடிப்பார். "புடிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பார். பிடிக்கப்பட்டவர் "ம்ம், புடிங்க" என்பார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று விசில். வில்லி பொத்தென்று மெத்தையில் விழுவார். வீழ்த்தியவர் ஓட வேண்டும் என்பது பாடம். ஆனால் யாருமே ஓடவில்லை. குனிந்து, "அய்யய்யோ, அடி பட்டுருச்சுங்களா?" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார்கள்.

"ஓடோணுமுங்க!" என்று நான் கத்துவேன்.

"உழுந்தவங்கள உட்டுப்போட்டு எப்படி மேடம் ஓடறது?" என்பார்கள்.

இரண்டாம் ஞாயிறு பெரியப்பா வேடிக்கை பார்க்க வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே வில்லனாக நிற்பேன் என்றார். என் தோளைப் பிடித்தார். நான் இன்னும் முதல் விசிலுக்கே வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா மெத்தையில் படுத்துவிட்டார்.

"பெரிப்பா, நான் இன்னும் தொடவே இல்ல!"

"எனக்குத் தெரியாதா? இத்தன பேரு பாக்கறாங்க. நம்ம புள்ள தோத்துப் போனா நல்லாவா இருக்கும்?" என்று படுத்தபடியே கிசுகிசுத்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதை அப்போதே எழுதி, சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும்.

நான் செய்தது வேறு. வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். அலுவலகப் பழக்கத்தில் ஓர் அட்டவணை: யார், எந்தப் பிடி, எந்த விசிலில் விடுபட்டார். பலித்தால் பச்சை, பலிக்காவிட்டால் சிவப்பு. மூன்றாம் ஞாயிறு முடிந்தபோதும் ஒரே பச்சை. நெல்வயல் மாதிரி இருந்தது. என் தொழிலில் இப்படி முழுப் பச்சையாக ஒரு அட்டவணை வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "யாருப்பா இத டெஸ்ட் பண்ணுனது? ஒழுங்காப் பண்ணுனீங்களா?" என்பது. அன்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அருளுக்கு அனுப்பினேன். கூடவே மூன்று தீ எமோஜி.

சரசக்காவின் கை

பன்னிரண்டாவதாக வந்தவர் சரசக்கா.

எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் மாடிக்கு ஹவுஸ்கீப்பிங். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். அதிகாலை முதல் பேருந்தைப் பிடித்து, நாங்கள் எல்லாம் எழுவதற்கு முன்னால் எங்கள் மேசைகளைத் துடைத்து முடித்துவிடுகிறவர். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, டீ மெஷின் பக்கத்தில் அவராகத்தான் வந்து கேட்டார்: "நானும் வரலாமுங்களா?"

நான்காம் ஞாயிறு வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். பதினோரு பேரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் வீழ்த்தினார்கள். அவர் கண் ஒவ்வொரு மணிக்கட்டாகப் போய் வந்தது.

"வாங்கக்கா, நீங்க என்னைப் புடிங்க. எப்படி விடுபடறதுன்னு காட்டறேன்" என்றேன்.

எழுந்து வந்தார். "புடிக்கட்டுங்களா?" என்று அவர் கேட்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். பால் கறந்த கை, பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய கை, தினமும் மாப் பிழிகிற கை. குழாய் ரிப்பேர்காரரின் ஸ்பேனர் இருக்கிறதே, அந்தப் பிடி.

முதல் விசில். பாதத்தை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டார், கையை விடவில்லை. இரண்டாம் விசில். சுழற்றினேன். கூடவே சுழன்றார், விடவில்லை. மூன்றாம் விசில். இடுப்பைக் கொடுத்தேன். சரசக்கா தரையில் முளைத்த மாதிரி நின்றார். மீண்டும் சுழற்றினேன். என் வளையல் ஒன்று தெறித்து சாம்பார் வாளிகள் அடுக்கியிருந்த மூலைக்கு ஓடியது.

அருள் முன்னால் வந்தான். "அக்கா, விட்டுருங்க. மூணு விசிலும் முடிஞ்சிருச்சு."

"அவன் உடுவானுங்களா?" என்றார் சரசக்கா.

அவராகத்தான் விட்டார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்று என் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தார்.

பின்னால் யாரோ மெல்லச் சொன்னது கேட்டது: "பாவம், சொல்லிக் குடுக்கற புள்ளைய இப்படியா பண்றது?"

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சரசக்காவின் பிடியில் முயன்றார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. அருள் மட்டும் அவரைக் கவிழ்த்தான். "அது டெக்னிக் இல்ல. என் எடை" என்று அவனே சொன்னான். வெண்கலப் பதக்கத்தைப் பற்றிய உண்மையை ஒளித்தவன், அன்று இதை ஒளிக்கவில்லை. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன்.

ஜமக்காளம் மடிக்கும்போது

எல்லோரும் போன பிறகு நானும் சரசக்காவும் ஜமக்காளத்தின் இரு முனைகளைப் பிடித்து மடித்தோம். மடித்துக்கொண்டே அவர் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் அலுவலகத்தின் பின்கேட்டுக்கு ஒரு சந்து இருக்கிறது. ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர், மறுபக்கம் வேலிகாத்தான் முள் மண்டிய காலி மனை. ஒரு மாதத்துக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், பைக்கில் வந்த ஒருவன் அங்கே அவர் கையைப் பிடித்திருக்கிறான். பால் வண்டி ஒன்று சந்துக்குள் திரும்பியதும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து சரசக்கா மெயின் ரோட்டில் சுற்றித்தான் போகிறார். தினமும் இருபது நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டாராம். மூன்றாவது முறை என்றால் வேலை இருக்காது.

"ஆபீசுல எல்லாருஞ் சொன்னாங்க, மேடங்கிட்ட கத்துக்கிட்டா எவன் புடிச்சாலும் மூணே நிமிசத்துல உழுத்திரலாமுன்னு. நாளைக்குக் காத்தால இருந்து மறுக்காவும் சந்துலயே போயிரலாமுன்னு இருந்தேனுங்க. எதுக்கும் ஒருக்காப் புடிச்சுப் பாத்துட்டுப் போலாம்னுதான்..."

ஜமக்காளம் என் கையிலிருந்து நழுவியது.

சம்பளம் வாங்கிக்கொண்டு உடைத்துப் பார்க்கிறவள் நான். என் சொந்தச் சரக்கை நான்கு வாரத்தில் ஒருமுறைகூட உடைத்துப் பார்க்கவில்லை. மாஸ்டர் ஓட்டில் கோடு கிழித்தார் என்று நான் எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன்! இங்கே பதினோரு பேர், எனக்காக, தங்கள் மேலேயே கோடு கிழித்துக்கொண்டு விழுந்திருக்கிறார்கள். மரியாதையாக.

"வேண்டாங்கக்கா. சுத்தியே போங்க" என்றேன். "நான் சொல்லிக் குடுத்தது பலிக்காது."

பிரவுன் பெல்ட்டை விட அந்த ஒரு வாக்கியம் கஷ்டமாக இருந்தது. அவர் தலையாட்டினார். ஏமாற்றமா, நிம்மதியா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக, மூன்றாம் மாடிக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். அந்தச் சந்தில் நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு வாரம் லேட்டா வந்தாலும் பொறுத்துப் பாக்கறேனுங்க. அதுக்கு மேல எனக்கும் மேல ஆளு இருக்குது" என்றார். பிறகு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "இதுவரை கற்றதை நம்பி யாரும் தைரியமாக எங்கும் போக வேண்டாம். அது வேலை செய்யவில்லை. தவறு என்னுடையது."

பதில்கள் வந்தன. நான்கு கட்டைவிரல். இரண்டு கும்பிடு. "பரவால்லீங்க மேடம், நல்லாத்தான இருந்துச்சு." ஒருவர் "சூப்பர்" என்று போட்டிருந்தார்.

இவர்களைத் திருத்துவது ஜூடோவை விடக் கடினம்.

மறுபடியும் தக்காளி

புதன்கிழமை அதே பேருந்து. அதே கூடை. கூடைக்குச் சொந்தக்காரரான அதே அம்மா, என்னைப் பார்த்ததும் கூடையைக் காலுக்கு இடையில் இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு மிதிக்க மாட்டேனுங்க" என்றேன்.

"மிதிக்காம இருந்தாச் சேரி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அன்னைக்கு அந்த ஆளை நான் தள்ளுனது பாத்தீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எங்க தள்ளுனீங்க? டிரைவரு பிரேக் போட்டாரு, அவன் பொத்துன்னு போய் உழுந்தான். நீங்களும் உழுந்திருப்பீங்க. காலு என்ற கூடைக்குள்ள மாட்டியிருந்துச்சு, அதனால நின்னீங்க."

இதற்கு மேல் ஒருவரை அவமானப்படுத்த முடியாது என்று நினைத்தேன். என் ஞானோதயத்தைத் தந்தது டிரைவரின் கால். என்னைத் தாங்கியது தக்காளி. இறங்கிவிடலாமா என்று கம்பியைப் பிடித்தேன்.

அந்த அம்மா விடவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லோணும். என்னா கத்துக் கத்துனீங்க! பஸ்ஸே அதிர்ந்து போச்சு. அந்தச் சத்தத்துலதான் டிரைவரு பயந்து பிரேக்கே போட்டாரு."

நான் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.

முதல் விசில்! நான்கு ஞாயிறுகளாக அந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் கத்தவில்லை. கத்தச் சொன்னால் எல்லோரும் கையால் வாயை மூடிச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார்கள். நானும் சரி என்று அதைத் தாண்டிக் கைவேலைக்குப் போய்விட்டேன். பலித்த ஒன்றை விட்டுவிட்டு, பலிக்காத இரண்டை மாதம் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

விடக் கூடாது

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அருளும் நானும் மொட்டை மாடியில். அவன் உண்மையாகவே பிடித்தான். நான் உண்மையாகவே தோற்றேன். இரண்டு நாளில் பதினான்கு விதப் பிடிவிடுப்புகளை முயன்று பார்த்து வெட்டித் தள்ளினோம். மிஞ்சியது ஒன்று: இரண்டு கையையும் கோத்து, அவன் கட்டைவிரல் பக்கமாக, உடம்பு மொத்தத்தையும் போட்டு உருவுவது. அழகாகவே இல்லை. மேடையில் காட்டினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். பத்து முறையில் ஆறு முறை கை வெளியே வருகிறது. மிச்ச நான்கு முறையைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன். அட்டவணையில் முதல் சிவப்பு.

"கையெல்லாம் என்ன கண்ணு இப்படிச் செவந்து கெடக்குது?" என்றார் அம்மா.

"பாடம் படிச்சேன்மா" என்றேன்.

ஆடி முடிய இன்னும் ஒரே ஞாயிறுதான். அதற்குப் பிறகு மண்டபத்தில் வரிசையாகக் கல்யாணம். பெரியப்பாவிடம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன், நாங்கள் கொஞ்சம் கத்துவோம் என்று. அன்று அவருக்கு வில்லன் வேஷம் கிடையாது. வாசலில் உட்கார வேண்டும். எங்கள் சத்தம் அவருக்குக் கேட்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

தண்ணீர் பாட்டில்கள் அனைத்தும் பூட்டிய அறைக்குள் இருக்கும்.

சரசக்காவிடம் நேற்று டீ மெஷின் பக்கத்தில் பேசினேன். இந்த ஞாயிறு பிடிக்கிறவர் அவர். முதலில் என்னை, பிறகு வரிசையாக எல்லோரையும். கடைசியில் அருள் அவரைப் பிடிப்பான், தன் முழு எடையோடு. அதிலிருந்து அவர் தானாக வெளியே வரும்வரை சந்துப் பக்கம் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். வந்தாலும் முதல் வாரம் நான் கூட நடப்பேன், குடையோடு.

"மத்தவங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமா இருக்குமுங்க. அழுதுட்டாங்கன்னா?" என்று கேட்டார்.

"அழுதாலும் விடாதீங்கக்கா. நான் கெஞ்சினாலும் விடாதீங்க."

சரசக்கா துடைக்கும் துணியை வாளிக்கு மேல் ஒருமுறை முறுக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

"சேரிங்க அம்மணி" என்றார். "உட மாட்டேன்."